மூணு எரியல, தம்பி

இராயவரத்தில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவரின் வீடு, செட்டிநாட்டு வீடுகளின் வழக்கப்படி ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நடந்துகொண்டே இருக்கலாம். மகன் சிங்கப்பூரில். பின்கட்டில் ஒரு கேமரா வைத்து, அங்கிருந்தே போனில் வீட்டைப் பார்த்துக்கொள்வார். போன மாதம் அந்தக் கேமரா படுத்துவிட்டது. "முன்னால நெட்டு ஓடுது, பின்னால வரல தம்பி" என்று ஆச்சியிடமிருந்து போன். எனக்கு இந்த வேலை தெரியும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். நானும் கற்றுக்குட்டிதான்.

இந்த மாதிரி வீட்டில் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை, "இன்னும் விலை கூடின ரூட்டர் வாங்குங்க". வாங்காதீர்கள். கனத்த செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையே இரண்டு சுவர் தாண்டுவதற்குள் இளைத்துவிடும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அதற்கும் முன்பே நின்றுவிடும். போதாக்குறைக்கு வளவில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. கண்ணாடியின் முதுகிலுள்ள உலோகப் பூச்சு, நம் முகத்தைக் காட்டுவதோடு வைஃபையையும் திருப்பி அனுப்பிவிடும். இங்கே கேபிள்தான் வழி. ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகலாம், பெரும்பாலான செட்டிநாட்டு வீடுகளுக்கு அது போதும். ஆனால் அந்தச் சுவரில் துளை போட யாருக்கும் மனசு வராது. அதனால் முகப்புப் பெட்டியிலிருந்து பின்கட்டு ரூட்டருக்குப் போகும் கேபிள் முற்றத்து ஓட்டோரமாகவே ஓடுகிறது, வெயிலிலும் மழையிலும், அணில்களுக்கு நடுவிலும்.

ஆகவே நான் கையோடு கொண்டுபோனது லேன் கேபிள் டெஸ்டர். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் சுமார் 200 ரூபாய்க்கு வாங்கியது. பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். 9 வோல்ட் பேட்டரி தனியாக வாங்கிப் போட வேண்டும். உடம்பு இரண்டு துண்டு: கடைக்காரர்கள் மாஸ்டர், ரிமோட் என்பார்கள். ஒன்றோடொன்று செருகியிருக்கும் அவற்றைப் பிரித்து, கேபிளின் ஒரு முனையை இதிலும் மறுமுனையை அதிலும் குத்தினால், இரண்டிலும் 1 முதல் 8 வரை பச்சை விளக்குகள் வரிசையாக ஓடும். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, கம்பிக்கு ஒரு விளக்கு. மாஸ்டரில் 2 எரியும்போது ரிமோட்டில் 4 எரிந்தால் கம்பி மாறிவிட்டது. ரிமோட்டில் எரியாமல் தாண்டினால் கம்பி அறுந்துவிட்டது. சுவிட்சை 'எஸ்' பக்கம் தள்ளினால் விளக்கு மெதுவாக ஓடும். கற்றுக்குட்டிகள் அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

டெஸ்டரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. இணைப்புக்காரரைக் கூப்பிட்டுவிட்டுக் காப்பி குடிக்கலாம். அந்தப் பெட்டிக்கு வரும் பச்சைமுனை ஃபைபர் ஒயரைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது, உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். விளக்கு சரியாக இருந்தால் லேப்டாப்பைக் கோளாறான முனையில் குத்தி, அதற்குக் கிடைத்த ஐபி எண்ணைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் ரூட்டரோடு பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது. 169.254 என்றால் ரூட்டரிடமிருந்து பதிலே வரவில்லை, லேப்டாப் தானாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறது. எதுவுமே இல்லை, 'கேபிள் இணைக்கப்படவில்லை' என்றால் சந்தேகம் கேபிள்மேல். ஆச்சி வீட்டில் அதுதான் வந்தது.

முன்னும் பின்னும் இருந்த ரூட்டர்களிலிருந்து கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றினேன் (மின்சாரம் ஓடும் ஒயரில் டெஸ்டரைக் குத்தினால் டெஸ்டர் போய்விடும்). மாஸ்டரை முகப்பில் வைத்துக்கொண்டு நான் உட்கார, ரிமோட்டோடு ஆச்சி பின்கட்டுக்குப் போனார். இருவர் போனிலும் ஸ்பீக்கர்.

"ஒண்ணு… ரெண்டு…" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நாலு. மூணு எரியல, தம்பி."

"இன்னொரு தடவை பாருங்க ஆச்சி."

"எனக்கு எண்ணத் தெரியாதா? மூணு எரியல."

இரண்டு முனையையும் வெட்டிப் புது ஜாக் போட்டு அமுக்கினேன். அப்போதும் மூணு எரியவில்லை. அப்படியென்றால் நடுவில்தான். முற்றத்து ஓட்டோரம் கேபிளின் தோல் உரிந்து, பச்சைக்கோடு போட்ட வெள்ளைக் கம்பி மட்டும் பல் பட்டு அறுந்திருந்தது. மற்ற ஏழையும் அணில் விட்டுவைத்திருந்தது.

இந்த இடத்தில்தான் 200 ரூபாய் எனக்கு வசூலானது. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் தேவையில்லை. 1, 2, 3, 6 போதும். 4, 5-இல் இருக்கும் நீல ஜோடி அப்போது சும்மா கிடக்கிறது. இரண்டு முனையிலும் நீல ஜோடியை 3, 6-க்கும், பழுதான பச்சை ஜோடியை 4, 5-க்கும் மாற்றிப் போட்டேன். ஜோடியைப் பிரிக்காமல் மாற்ற வேண்டும். இங்கேதான் டெஸ்டரின் பெரிய குறையும் இருக்கிறது. ஜோடியைப் பிரித்து இரு முனையிலும் ஒரே மாதிரி தப்பாகப் போட்டாலும் எட்டு விளக்கும் சமர்த்தாக ஓடும். டெஸ்டர் கம்பி போய்ச் சேர்ந்ததா என்று மட்டும்தான் பார்க்கும், எதனோடு முறுக்கிக்கொண்டு போனது என்று பார்க்காது. நீண்ட கேபிளில் அந்தத் தப்பு வேகத்தைக் கொன்றுவிடும். வேகம், நீளம், எத்தனையாவது மீட்டரில் அறுந்தது, இவை எதையும் இது சொல்லாது. அதற்கெல்லாம் பல மடங்கு விலையில் வேறு கருவி உண்டு, வீட்டுக்கு வேண்டாம்.

கேபிள் சரியான பிறகும் அரை நாள் போனது. அது முழுக்க என் கைங்கரியம். பதற்றத்தில் பின்கட்டு ரூட்டரின் ரீசெட் துளையில் குண்டூசியை விட்டு அமுக்கியிருந்தேன். அது பழையபடி 192.168.1.1 ஆகி, முகப்புப் பெட்டியின் அதே எண்ணை வைத்துக்கொண்டு, தானும் எண் கொடுக்கக் கிளம்பிவிட்டது. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு; தபால்காரர் என்ன செய்வார்? பின்னதை 192.168.1.2 ஆக்கி, எண் கொடுக்கும் டிஎச்சிபி வேலையை நிறுத்தி, வைஃபை பெயரைப் பழையபடி எழுதினேன். இந்தக் கோளாறுக்கும் டெஸ்டர் பக்கத்திலேயே வராது.

சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து போன்: பின்கட்டு தெரிகிறதாம், அணில் ஒன்று ஓடுவதும் தெரிகிறதாம். புதுக் கேபிளைக் குழாய்க்குள் விட்டு இழுக்கும்வரை இதுவே ஓடட்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார். அடுத்து வருகிறவர் டெஸ்டரைக் குத்திவிட்டுக் குழம்பக் கூடாதே என்று, கேபிள் முனையில் பிளாஸ்திரி ஒட்டி எழுதிவிட்டு வந்தேன்: "அஞ்சு எரியாது. தெரிஞ்சுதான்."