முந்நூறிலிருந்து மூன்றுக்கு

போன வருடக் கடைசியில் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: "இத பாரு. யார்கிட்டயும் சொல்லாத." அவள் மகனுக்கு ஏழு வயது. மூன்று மருந்து மாற்றியும் வலிப்பு நிற்கவில்லை. அந்தக் காணொளி, சிஎன்என் 2013 ஆகஸ்டில் ஒளிபரப்பிய 'வீட்' என்ற ஆவணப்படத்திலிருந்து வெட்டிய நான்கு நிமிடத் துண்டு. முழுப்படத்தையும் தேடிப் பிடித்து இரண்டு முறை பார்த்தேன்.

படத்தை எடுத்தவர் சஞ்சய் குப்தா. நரம்பியல் அறுவை மருத்துவர், சிஎன்என்னின் மருத்துவச் செய்தியாளர். முன்பு கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக்கூடாது என்று டைம் இதழில் எழுதியவர். இந்தப் படம் வெளிவந்த சமயத்தில், தன் பழைய கருத்து தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். படத்துக்குப் பெரிய பலமே அந்த மன்னிப்புதான்.

படத்தின் மையம் கொலராடோவைச் சேர்ந்த சார்லட் என்ற சிறுமி. டிராவெட் சிண்ட்ரோம் என்ற கடும் வலிப்பு நோய். வாரத்துக்கு முந்நூறு வலிப்பு வரை வந்தது. மருந்துகள் தோற்றுப்போயின. அப்போதுதான் ஸ்டான்லி சகோதரர்கள் வளர்த்த ஒரு கஞ்சா வகை அவளுக்குக் கிடைக்கிறது. போதை தரும் டிஎச்சி குறைவு, சிபிடி அதிகம். புகைத்தாலும் ஒன்றும் ஏறாது என்பதால் அதற்கு 'ஹிப்பிகளின் ஏமாற்றம்' என்று பெயர் இருந்ததாம். அதன் எண்ணெயைக் கொடுத்ததும் வலிப்பு மாதத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைகிறது.

எனக்கும் கண் கலங்கியது. ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது இந்தக் கதையை ஏற்கெனவே எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. எல்லாக் கதவும் அடைபட்ட பிறகு ஒரு அற்புதம். பத்துமலையில் காவடி எடுப்பவர்களிடம் கேட்டால் இதே அமைப்பில் எத்தனையோ கதை சொல்வார்கள். அவற்றைப் பொய் என்று சொல்லமாட்டேன். அற்புதக் கதையில் அளவு இருக்காது, பக்கவிளைவு இருக்காது, பலிக்காத குழந்தைகள் இருக்கமாட்டார்கள். அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான கதையையும் நாம் கேட்டே வளர்ந்தோம். பள்ளிச் சபைகூடலில் கண்ணாடிப் பெட்டியோடு வந்த அதிகாரி, ஒரு தடவை தொட்டாலே வாழ்க்கை போச்சு என்றார். தமிழ் சினிமாவில் கஞ்சா என்றால் ஒன்று வில்லனின் லாரி, இல்லையென்றால் காமெடியனின் புகை. பயமுறுத்தும் கதையும் அற்புதக் கதையும் சண்டை போடுவதுபோல் தெரிந்தாலும் இரண்டும் ஒரே ஜாதி. இரண்டிலும் நோயாளி கேள்வி கேட்பதற்கு இடமில்லை.

அக்காவுக்குத் தேவைப்பட்ட பிரதி வேறெங்கோ இருந்தது. 2017இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளியானது. டிராவெட் உள்ள 120 பேர், பெரும்பாலும் குழந்தைகள். ஒரு பாதிக்குச் சுத்திகரித்த சிபிடி, மறுபாதிக்கு மருந்தில்லாத திரவம். மருந்து எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆனது. மற்றவர்களுக்கு 14.9 என்பது 14.1. வலிப்பு முழுதாக நின்றவர்கள் மருந்து எடுத்தவர்களில் 5 சதவீதம். வயிற்றுப்போக்கு, அசதி, தூக்கம், சிலருக்குக் கல்லீரல் சோதனையில் மாற்றம் என்று எல்லாமே எழுதியிருக்கிறது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. முந்நூறிலிருந்து மூன்று என்பதைக் கேட்டுவிட்டு 12.4இலிருந்து 5.9 என்று படிக்கும்போது சப்பென்று இருக்கும். ஆனால் ஒரு தாய்க்கு மாதத்தில் ஆறு வலிப்பு குறைவது சின்ன விஷயமில்லை.

2013இல் இந்த ஆய்வு வரவில்லை என்பதால் எண்களைப் படம் மறைத்துவிட்டது என்று குற்றம்சாட்ட முடியாது. என் வருத்தம் அந்த நான்கு நிமிடத் துண்டைப் பற்றியது. அது இன்னமும் 2013இலேயே நிற்கிறது. சார்லட் 2020 ஏப்ரலில், 13 வயதில், நிமோனியாவும் வலிப்புமாக மருத்துவமனை போய் இறந்துவிட்டாள். பகிரப்படும் துண்டில் அவள் இன்னும் ஊஞ்சலாடும் சிறுமி. இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை 2017இல் சோதித்தபோது 26இல் மட்டுமே சீட்டில் போட்ட அளவு சரியாக இருந்தது, 18இல் டிஎச்சி இருந்தது என்பதும் அதில் கிடையாது.

டிஎச்சி இருந்தால் மலேசியாவில் என்ன ஆகும் என்பதும் கிடையாது. 2018இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் 29 வயது இளைஞர் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அவரிடம் 3.1 லிட்டர் கஞ்சா எண்ணெய் இருந்தது, நோயாளிகளுக்குக் கொடுப்பவராக அறியப்பட்டார். தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்று அன்றைய பிரதமர் மகாதீரே சொன்னார். கட்டாயத் தூக்கு 2023இல்தான் நீங்கியது. மறுபக்கம், முறையாகப் பதிவுபெற்ற கஞ்சா மருந்தை மருத்துவத்துக்குப் பயன்படுத்தச் சட்டம் தடையில்லை என்று 2021இல் சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் கொடுத்திருக்கிறார். தூக்கு எல்லோருக்கும் தெரியும். இந்தப் பதில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"டாக்டர்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? கஞ்சான்னு வாயத் தொறந்தா போலீசக் கூப்பிட்டா?"

எனக்குப் பகீரென்றது அப்போதுதான். அவள் ஆன்லைனில் ஏற்கெனவே விலை கேட்டிருந்தாள். பையன் சாப்பிடும் மருந்துகளில் ஒன்று குளோபசாம். சிபிடி கூடச் சேர்ந்தால் குளோபசாமின் வீரியம் உடம்பில் ஏறும், பிள்ளை எழுந்திருக்க முடியாமல் தூங்குவான். நம்மிடம் அந்தச் செடிக்கும் மருந்துக்கும் குற்றத்துக்கும் 'கஞ்சா' என்று ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்குப் பயந்து டாக்டரிடம் மறைத்து அவள் எண்ணெயைக் கொடுத்திருந்தால், என்ன நடக்கிறதென்று யாருக்கும் புரிந்திருக்காது.

அடுத்த சந்திப்புக்கு நானும் போனேன். நான்தான் கேட்டேன். டாக்டர் போலீசைக் கூப்பிடவில்லை. பத்து நிமிடம் பேசினார். இந்தப் பையனுக்கு இருப்பது டிராவெட் இல்லை என்றார். இணையத்தில் வாங்கவே வேண்டாம் என்றார். பிறகு அக்காவிடம், "வலிப்பு வந்தா எழுதி வைக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்தாள். தேதி, நேரம், எத்தனை நிமிடம், முந்தின ராத்திரி தூங்கினானா. பதினோரு மாதம். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, ராத்திரி மருந்தின் அளவை மாற்றி எழுதினார்.

குப்தாவின் படத்தை நீங்களும் பாருங்கள், முழுதாகப் பாருங்கள். ஆனால் கஞ்சா மருந்தைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினால், அது அக்காவின் நோட்டுப் போல இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.