சார்ஜில் கிடக்கும் நேரத்தில்

செங்காங் எல்ஆர்டி ரயிலில் ஏறினால், ரும்பியா நிலையம் வருவதற்குள் செல்லினம் என்ற தமிழ் உள்ளீட்டுச் செயலியில் ஒரு செய்தியைத் தமிழிலேயே தட்டி அனுப்பிவிடலாம். 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானது அந்தச் செயலி. தொட்டதும் எழுத்து விழுகிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் வேலைத்திறன் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆண்ட்ராய்டு செயலிகள் மெய்நிகர் பொறிக்கான கட்டளைகளாகவே வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றினால் தாமதம்தான். 2010இல் வந்த ஃப்ரோயோ என்ற ஆண்ட்ராய்டு பதிப்பு, அடிக்கடி ஓடும் பகுதிகளை மட்டும் ஓட்டத்தின் நடுவிலேயே இயந்திர மொழிக்கு மாற்றியது. நினைவகமும் பேட்டரியும் குறைந்த கருவிக்கு எவ்வளவு பொருத்தமான சிக்கனம்! ஆண்ட்ராய்டு 5.0 பதிப்போ, செயலியை நிறுவும்போதே முழுவதையும் மாற்றியது. நேரமும் இடமும் கூடுதலாகப் பிடித்தன. 2016இன் 7.0தான் அழகு: நாம் எதை அதிகம் பயன்படுத்துகிறோம் என்று குறித்துவைத்துக்கொண்டு, போன் சும்மா சார்ஜில் கிடக்கும்போது அதை மட்டும் மாற்றிவைக்கிறது. ஒரே செயலி உங்கள் போனில் ஒருவிதமாகவும் என் போனில் வேறுவிதமாகவும் பண்படுகிறது.