குருவிக்கூட்டு ஹன்ட்

இந்தப் படத்தைக் கொஞ்சம் குனிந்துதான் பார்க்க வேண்டும். சுவரில் கண்மட்டத்துக்கு மாட்டியிருந்தாலும், நீர்வண்ண ஓவியர் வில்லியம் ஹென்றி ஹன்டின் குருவிக்கூடு நம்மை ஒரு வேலியோரம் குந்தவைத்துவிடும். பாசி படர்ந்த மண்மேடு, அதன் மடியில் கூடு, கூட்டுக்குள் நீல முட்டைகள், அருகே வெளிர்மஞ்சள் பிரிம்ரோஸ் பூக்கள். அவ்வளவுதான். வானத்துக்குக்கூட இடம் வைக்கவில்லை அவர்.

முதலில் கூட்டின் விளிம்பில் கண்ணை ஓடவிடுங்கள். ஒரு நார் இன்னொன்றின் அடியில் நுழைந்து, சற்றுத் தள்ளித் தலைகாட்டி, மறுபடி மறைகிறது. குருவி அலகால் பின்னியதைத் தூரிகை நுனியால் திரும்பப் பின்னியிருக்கிறார். ஈரத்தில் வண்ணத்தை ஓடவிடுவதுதான் நீர்வண்ணத்தின் அழகு என்று பழகிய நமக்கு, புள்ளி புள்ளியாக, இழை இழையாக அவர் சேர்த்திருக்கும் பொறுமை புதிதாக இருக்கும். சில இடங்களில் கத்தி முனையால் தாளையே மெல்லச் சுரண்டியிருக்கிறார். பாசியின் சொரசொரப்பு அப்படி வந்தது.

இனி அவருடைய வேறு படங்களில் உள்ள பழங்களிடம் வருவோம். கறுப்புத் திராட்சையின் மேல், விரல் பட்டால் அழிந்துபோகும் சாம்பல் பூச்சு ஒன்று இருக்குமே, அந்த மென்மையைப் பிளம் பழத்தின் தோலில் அப்படியே படியவிட்டிருக்கிறார். இதற்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. 1834 முதல் ‘சைனீஸ் வொயிட்’ என்ற பெயரில் கடைக்கு வந்த துத்தநாக வெள்ளையைப் பழத்தின் வடிவத்துக்குக் கெட்டியாகப் பூசி, இறுகக் காயவிடுவார். அதன்மேல் கலப்பில்லாத வண்ணத்தைச் சட்டென்று, அடிவெள்ளை கரைந்துவிடாமல் வைப்பார். வெளிச்சம் மேலிருந்து விழுவதுபோல் இராது. பழத்துக்குள்ளேயே ஊறி வெளியே கசியும்.

1790-இல் லண்டனில் ஒரு தகரப் பட்டறைக்காரரின் மகனாகப் பிறந்தவர் ஹன்ட். பிறவியிலேயே வலுவில்லாத கால்கள். ஓவியர் ஜான் வார்லியிடம் தொழில் கற்று, நிலக்காட்சிகளும் வீட்டு உள்ளறைகளும் வரைந்து, 1826-இல் நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் முழு உறுப்பினரானார். பெயர் நிலைத்தது அதற்குப் பின்னர்தான்: பழத்தையும் பூவையும் கூட்டையும் எதிரே வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்த ஆண்டுகளில். ‘குருவிக்கூட்டு ஹன்ட்’ என்றே ஊர் அவரை அழைத்தது. கலை விமர்சகர் ரஸ்கின் போன்ற கண்டிப்பான ரசிகரும் அந்தக் கைவண்ணத்தில் மனம் பறிகொடுத்தார். 1864-இல் ஹன்ட் மறைந்தார்.

மலையும் கடலும் தேடி மற்ற ஓவியர்கள் காததூரம் நடந்த காலம் அது. இவர் கைக்கெட்டும் தூரத்தையே உலகமாக வைத்துக்கொண்டார். இப்போது அந்த முட்டைகளை இன்னொரு முறை பாருங்கள். ஓட்டின் வளைவில் நீலம் எவ்வளவு மெதுவாகக் கருக்கிறது! கூடு இன்னும் சூடாறவில்லை. தாய்க்குருவி இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது. நாம் சத்தம் போடாமல் இருந்தால் திரும்பி வரும்.