பழைய நிரலின் பட்டறிவு

சி மொழியில் இருக்கும் பழைய மென்பொருளை ரஸ்டில் திரும்ப எழுதியே ஆக வேண்டும் என்ற பேச்சு, யோசனை என்ற நிலையைத் தாண்டி, மறுப்பவருக்குப் பொறுப்பற்றவர் என்ற பெயரை வாங்கித் தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. எல்எஸ், சிபி, டேட் போன்ற அன்றாடக் கட்டளைகளுக்கு ஜிஎன்யூ தொகுப்புக்குப் பதிலாக ரஸ்ட் பதிப்பை வைத்து 2025 அக்டோபரில் உபுண்டு லினக்ஸின் 25.10 பதிப்பு வெளியானபோது, இந்தப் பேச்சுக்குப் பெரிய முத்திரையும் கிடைத்தது. ரஸ்டின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆண்டுதோறும் தான் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. அந்த வகைப் பிழைகளில் பெரும்பாலானவற்றை ரஸ்டின் கம்பைலர், நிரல் ஓடுவதற்கு முன்பே மறித்துவிடுகிறது. புதிதாக ஒன்றைத் தொடங்குபவர் ரஸ்டைத் தேர்ந்தெடுத்தால் அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குவது வேறு, ஓடிக்கொண்டிருப்பதை மாற்றுவது வேறு. முதலாவதற்குப் பொருந்தும் நியாயத்தை இரண்டாவதற்கும் அப்படியே நீட்டுவதுதான் இந்தப் போக்கின் அடிப்படைத் தவறு.

உபுண்டு 25.10இல் நடந்ததையே பார்க்கலாம். டேட் கட்டளையோடு 'ஆர்' என்ற ஆப்ஷனையும் ஒரு கோப்பின் பெயரையும் கொடுத்தால், அந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று அது சொல்ல வேண்டும். ரஸ்ட் பதிப்பு அந்த ஆப்ஷனை வாங்கிக்கொண்டது. ஆனால் அதற்கான வேலை உள்ளே எழுதப்பட்டிருக்கவில்லை. கோப்பின் நேரம் வர வேண்டிய இடத்தில் அந்த நொடியின் நேரம் வந்தது. புதுப்பிப்பு உண்டா என்று தானாகப் பார்க்கும் ஸ்கிரிப்ட், தான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று இந்தக் கட்டளையிடம்தான் கேட்கிறது. எப்போது கேட்டாலும் 'இப்போதுதான்' என்றே பதில் வந்ததால், பாதிக்கப்பட்ட கணினிகளில் அந்தத் தானியங்கிச் சோதனை நின்றுபோனது. திரையில் எச்சரிக்கை இல்லை. நிரலில் நினைவகப் பிழை இல்லை. கம்பைலர் பார்வையில் எல்லாமே சரி. பாதுகாப்புக்கென்று செய்த மாற்றம், பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரும் வழியையே அடைத்துவிட்டது.

புது மென்பொருளில் பிழை வருவது இயல்புதானே, கண்டதும் திருத்திவிட்டார்களே, நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு முன் சோதித்துப் பார்க்கத்தானே 25.10 போன்ற இடைக்காலப் பதிப்பு என்று கேட்கலாம். திருத்தியது உண்மை. ஆனால் எதைத் திருத்தினார்கள்? பழைய தொகுப்பு பல ஆண்டுகளாகச் சரியாகச் செய்துவந்த வேலையை. ஜிஎன்யூ கட்டளைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணற்ற ஸ்கிரிப்டுகளின் அடியில் உழைத்தவை. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும், ஒவ்வொரு விளிம்பு நிலைக்கும் யாரோ ஒருவர் எங்கோ பட்ட அவதி காரணமாக இருக்கிறது. அந்த அனுபவத்தில் ஒரு பகுதி கையேட்டில் உண்டு, இன்னொரு பகுதி சோதனைத் தொகுப்பில் உண்டு. மீதி நிரலில் மட்டுமே இருக்கிறது. உபுண்டு இந்த மாற்றத்தைச் செய்தபோது ரஸ்ட் பதிப்பு ஜிஎன்யூவின் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியிருக்கவில்லை. எழுதிவைத்த பகுதியே முழுதாகக் கைவராத நிலையில், எழுதாத பகுதியைப் பயனாளர்களின் கணினியில்தான் கண்டுபிடிக்க முடியும். பழைய நிரலுக்காக ஒருமுறை கொடுத்துத் தீர்த்த விலையை அவர்களிடமே மறுபடி வசூலிப்பதுதான் இது.

பழையது என்பதாலேயே பாதுகாப்பானது ஆகிவிடுமா என்ற எதிர்க்கேள்விக்கு வலு உண்டு. நிர்வாகியின் ரூட் உரிமையோடு கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோவில் 2011இல் நுழைந்த நினைவக ஓட்டை 2021 ஜனவரியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. சாதாரணப் பயனாளர் அதன் வழியே ரூட் உரிமையைப் பிடித்துவிட முடிந்தது. அத்தகைய இடத்தில் மாற்றத்துக்கு நியாயம் இருக்கிறது. ரஸ்டில் எழுதிய சூடோ, பழையதன் எல்லா வசதிகளையும் தான் தரப்போவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. டேட்டும் அப்படி 'இது எனக்குத் தெரியாது' என்று பிழை காட்டியிருந்தால், கோளாறு உடனே கண்ணில் பட்டிருக்கும். மேலும், ரூட் உரிமையைக் கைமாற்றும் சூடோவின் ஆபத்தைக் காட்டி, மணி சொல்லும் கட்டளையை மாற்றுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? ஓட்டை எங்கே, யாருக்கு ஆபத்து என்று பார்க்காமல் மொழியின் பெயரை வைத்தே தீர்ப்பெழுதுவதை நான் பொறியியல் என்று ஏற்க மாட்டேன்.

ரஸ்ட் ஆதரவாளர்கள் அதிகம் எடுத்துக்காட்டும் ஆண்ட்ராய்டின் அனுபவமே இவர்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது. ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகம் சார்ந்தவை 2019இல் 76 சதவீதம். 2024இல் 24 சதவீதம். இந்தச் சரிவு பழைய நிரலைத் தூக்கியெறிந்து வந்ததல்ல. சி, சி பிளஸ் பிளஸ் நிரலின் பெரும்பகுதியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதியதால் வந்தது. ஓட்டைகள் பெரும்பாலும் புதிய நிரலிலும் அண்மையில் கைவைத்த நிரலிலும்தான் இருக்கின்றன. ஐந்தாண்டு பழகிய நிரலில் அவற்றின் அடர்த்தி புதியதைவிட 3.4 முதல் 7.4 மடங்கு வரை குறைவு என்று கூகுளே கணக்குக் காட்டியது. ஆகவே, மாறுவதா வேண்டாமா என்ற முடிவைப் புதிய மொழியின் சிறப்புகளிலிருந்து தொடங்கக் கூடாது. கையிலிருக்கும் கருவி இதுவரை எங்கே தவறியது, அந்தத் தவறு யாரைத் தாக்கியது, அது செய்யும் வேலை முழுவதும் சோதனைகளாக எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத நிலையில், மாற்றுவதற்குச் செலவிடும் உழைப்பைப் பழைய நிரலுக்குச் சோதனைகள் எழுதச் செலவிடலாம். பிறகு ஒருநாள் மாற்றினாலும் அந்தச் சோதனைகள்தான் கைகொடுக்கும். மாற்றாவிட்டாலும் அந்த உழைப்பு வீணாகாது.