டொமைன் கன்ட்ரோலர் மாற்றும் நேர்த்தி

சிறுசேரி சிப்காட்டிலும் செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலும் தினமும் ஆயிரக்கணக்கானோர் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டுகிறார்கள். விண்டோஸ் நெட்வொர்க் உள்ள அலுவலகங்களில் அதைச் சரிபார்த்து உள்ளே விடுவது டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வர். வேலை நிற்காமல் அதை மாற்றுவது உயர்ந்த கைவினை என்பேன். விண்டோஸ் சர்வர் 2016-க்கான ஆதரவு முடியும் கெடு 2027 ஜனவரி 12 என்பதால், இது இன்றைய வேலையும்கூட.

பழைய சர்வரின் மேலேயே புதிய பதிப்பை ஏற்றிவிடலாமே என்பார்கள். முடியும்தான், மைக்ரோசாஃப்ட்டும் அதை அனுமதிக்கிறது. ஆனால் தேர்ந்த நிர்வாகி புதிய சர்வரைப் பக்கத்தில் வைத்து, அதையும் கன்ட்ரோலராக்கி, தரவு முழுதும் நகலாகும்வரை பொறுத்திருந்து, பழையது வகிக்கும் ஐந்து தலைமைப் பொறுப்புகளையும் (FSMO) அதனிடம் மாற்றுவார். இடையில் எது தவறினாலும் பழையது பணியில் இருக்கும். ஸ்னாப்ஷாட் எடுத்தால் போதாதா? போதாது. மற்ற கன்ட்ரோலர்கள் முன்னேறியபின் ஒன்று மட்டும் நேற்றைய நிலைக்குத் திரும்பினால் அவற்றுக்கிடையேயான தரவுப் பரிமாற்றமே குழம்பும். 2012 பதிப்பு முதல் இதற்குக் காப்பு உண்டு என்றாலும், அது முறையான பேக்கப்புக்கு ஈடாகாது.

பழுது பார்ப்பதில்தான் அந்த நிர்வாகியின் கைப்பக்குவம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. லாகின் ஆகவில்லை என்றதும் ரீஸ்டார்ட் செய்யாமல், முதலில் டிஎன்எஸ், அடுத்து கடிகாரம் என்று பார்ப்பார். லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் நெறிமுறை, கடிகாரங்களிடையே இயல்பாக ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. மாற்றத்தின் முடிவிலும் அதே பொறுமைதான்: பழைய சர்வரின் முகவரியையே டிஎன்எஸ் என்று நம்பியிருக்கும் ஸ்கேனரையும் வருகைப்பதிவுக் கருவியையும் தேடிப் பிடித்த பிறகே அந்தச் சர்வரை விலக்குவார்.