ரப்பர்ப் பால் ஒட்டிய கடல் புறா

சாண்டில்யனின் கடல் புறாவை மூன்று பாகமாக வானதி பதிப்பில் வாங்கி அலமாரியில் அடுக்கியிருப்பவர்கள் பலர். என்னிடமும் அது இருக்கிறது. ஆனால் மனம் கேட்கும்போது நான் எடுப்பது வேறொன்றை. குமுதம் இதழில் தொடராக வந்தபோது வாராவாரம் பிரித்தெடுத்த தாள்களை என் மாமா சாக்கு தைக்கும் ஊசியால் தைத்து, முதுகில் ரப்பர்ப் பாலைத் தடவி, காலண்டர் அட்டை போட்டுக் கட்டிய கட்டு அது. மழைக்காலத்தில் பிரித்தால் ஒட்டுப்பாலின் புளித்த வாடை இன்னும் லேசாக எழும்பும். மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த எனக்குச் சாண்டில்யனின் வாசம் அதுதான்.

மாமா பால்மரம் வெட்டுகிறவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தன் மர நிரை முடித்து, பாலை ஸ்டோரில் அளந்துவிட்டு வரும்போது ஒரு மங்கில், பால் பிடிக்கும் கோப்பையில், கொஞ்சம் பாலை மிச்சம் வைத்துக் கொண்டுவருவார். அதைத் தடவுவதில் ஒரு பக்குவம் உண்டு. தடித்துப் பூசினால் முதுகு உருண்டு புத்தகம் விரியாது. இளசாகப் பூசினால் இரண்டு மாதத்தில் தாள் உதிரும். தையலுக்கு மேல் ஒரு பூச்சு, நிழலில் உலர்த்தல், அதன்மேல் துணிப்பட்டை, மறுபடி ஒரு பூச்சு. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் என் கட்டில் ஒரு தாள் கழன்று விழவில்லை. போன தீபாவளிக்கு வாங்கிய ஒரு நாவல், பாதி படிப்பதற்குள் கையில் சீட்டுக்கட்டாகப் பிரிந்துவிட்டது.

கடல் புறாவின் மேல் எனக்கு இவ்வளவு பிடிமானம் ஏன் என்று கல்கி அன்பர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் அவர்கள் எப்போதும் பெரும்பான்மை. பொன்னியின் செல்வனில் இருக்கும் கட்டுக்கோப்பு, வந்தியத்தேவனின் வாய்த்துடுக்கு, நந்தினியின் ஆழம் எல்லாம் சாண்டில்யனிடம் கிடையாது என்பது அவர்கள் வாதம். மறுக்க மாட்டேன். சாண்டில்யன் ஒரு பெண்ணை வருணிக்கத் தொடங்கினால் கதை கரையில் காத்து நிற்கும் என்பதும் உண்மை. இருந்தாலும் பொன்னியின் செல்வன் தொடங்கும் வீரநாராயண ஏரி எனக்குப் படம்தான். கடாரம், அதாவது இன்றைய கெடா, என் ஊர்.

நாவலின் வாசலிலேயே, கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில், சோழர் உதவி கேட்டு வந்து நிற்பவர்கள் யார்? கடாரத்து இளவரசன் குணவர்மனும் அவன் மகள் காஞ்சனாதேவியும். ஜெராய் மலையடியில், கோயில் திண்ணையில் உட்கார்ந்து மாமா அதை வாசிக்கக் கேட்ட பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கடாரம் என்றால் கடாரம் கொண்டான், அதாவது ராஜேந்திரன். 1025-இல் கப்பல் அனுப்பி வென்றவன். அந்தப் பட்டத்தைச் சொல்லி மார்தட்டுவோம். வெல்லப்பட்ட கடாரம் நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கேற்றி உட்கார்ந்திருக்கும் இதே மண்தான் என்பது ஒருவருக்கும் உறைக்காது. அகிலனின் வேங்கையின் மைந்தன் 1963-இல் சாகித்திய அகாதமி வாங்கிய நாவல். அதன் நடையில் சாண்டில்யனைவிட நிதானம் அதிகம். அதுவும் ராஜேந்திரன் பக்கம் நின்று எழுதியதுதான். சாண்டில்யன் ஒருவர்தான் வெல்லப்பட்ட நாட்டின் பெண்ணைக் கப்பலேற்றி, கதையின் நடுவில் நிறுத்தி, அவள் வாயால் கடாரத்துக்கு நியாயம் கேட்க வைத்தார்.

அவர் அதை ஆகாயத்திலிருந்து பறித்துக்கொண்டு வரவில்லை. வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, தன் கழல் பணிந்த மன்னனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்தான் என்று அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. 1068 வாக்கில் நடந்தது. அந்த ஒரு வரியின் இடுக்கில் குணவர்மனையும் காஞ்சனாதேவியையும் நுழைத்து, கலிங்கத்துப் பரணியின் கருணாகரத் தொண்டைமானை இளைஞனாக்கி, நாயகனாகக் கடலுக்கு அனுப்பிவிட்டார். வரலாற்றாசிரியர்கள் ஒப்பமாட்டார்கள்தான். நாவலுக்கு அந்த இடுக்கு போதும்.

இன்னொன்று. பாலூர்ப் பெருந்துறைக் கடைத்தெருவை மாமா வாசிக்கும்போது எங்களுக்குச் சுங்கைப் பட்டாணி சந்தைதான் கண்ணில் வரும். சீனர், அரபு வணிகர், தமிழர் என்று ஒரே தெருவில் பல பாஷை. அகூதா என்ற சீனக் கடற்கொள்ளைத் தலைவனைப் பற்றிக் கேட்டதும், பட்டணத்தில் எங்களுக்குக் கடன் கொடுக்கும் மளிகைக்கடைத் தவுக்கேயின், அந்தச் சீன முதலாளியின், முகத்தையே அவனுக்குப் பொருத்திக்கொண்டேன். தமிழ்நாட்டு வாசகன் கற்பனை செய்து பார்க்க வேண்டிய உலகம், எங்களுக்குச் சனிக்கிழமைச் சந்தை.

குமுதத்தில் கடல் புறாவுக்கு வந்த லதாவின் ஓவியத்தைச் சொல்லாமல் விட முடியாது. வானதிப் பதிப்பில் கிடைக்காத சுகம் கிழித்த தாளில் இருப்பதற்கு அவர் பாதிக் காரணம். பாய் புடைக்கும் விதம், கயிற்றின் முறுக்கு, அலைமேல் சாயும் தளம் எல்லாம் கோட்டில் வரும். மணியம் வரைந்த பொன்னியின் செல்வன் படங்கள் சிற்பம் மாதிரி நிற்கும். லதாவின் படங்கள் காற்றடிக்கும். கதையில் காற்று வேண்டியிருந்தது.

குமுதம் எங்களுக்கு வந்ததும் கடல் வழியாகத்தான். பினாங்கில் ரஜூலா கப்பல் நங்கூரம் போட்டதாம் என்ற பேச்சு காதில் விழுந்தால், அந்த வாரம் சுங்கைப் பட்டாணி அஞ்சடியில், கடைவரிசை நடைபாதையில், புத்தகக் கட்டு இறங்கிவிடும் என்பது மாமாவின் கணக்கு. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டு வரும் அந்தக் கப்பலில் மாமியாரும் மஞ்சளும் கருவாடும் வந்தன. கூடவே கருணாகரனும் வந்தான். சம்பளம் போட்ட மறுநாள் மாமா சைக்கிளில் போய் வாங்கிவருவார். ராத்திரி மாரியம்மன் கோயில் திண்ணையில் வாசிப்பு. வேலை மேற்பார்க்கும் தண்டல் வருவார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைப் பாட்டி வருவாள், எழுத்து தெரியாத பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். மாமா குரலை ஏற்றி இறக்கமாட்டார். ஒரே சீராக வாசிப்பார். சண்டைக் கட்டத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக்குவார். எல்லோரும் வேகமாக வாசிக்கும் இடத்தில் அவர் நிதானிப்பார். கத்தி இறங்குவதை நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே பார்ப்போம்.

மாமாவின் தகரப் பெட்டியில் வேறு புத்தகங்களும் உண்டு. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள், அல்லி அரசாணி மாலை. சிம்னி வெளிச்சத்தில் வாசிக்க அந்தப் பெரிய எழுத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. மு.வ. இரண்டு, நா.பா.வின் குறிஞ்சி மலர். பள்ளி ஆசிரியர் வந்தால் மு.வ.வை மேலே எடுத்து வைப்பார் மாமா, மரியாதைக்காக. தமிழ்வாணனின் சங்கர்லால். ராணி முத்துவில் வந்த நாவல்கள். பின்னாளில் அர்த்தமுள்ள இந்துமதம், உதயமூர்த்தியின் எண்ணங்கள். எண்ணங்களைப் படித்துத்தான் என் அண்ணன் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய்த் தொழில் தொடங்கினான். அந்தப் புத்தகத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு மனிதனை எழுந்து நிற்க வைத்த எழுத்து அது.

அகிலனின் பால்மரக் காட்டினிலே வந்தபோது தோட்டமே ஆவலோடு காத்திருந்தது. நம்மைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று. வாசித்து முடித்ததும் திண்ணையில் ஒரு மௌனம். அன்போடு எழுதிய நாவல், அதில் சந்தேகமில்லை. மரத்தில் உளியை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பது என்று தெரிந்த ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும் என்ற ஏக்கம் மட்டும் மிஞ்சியது. அந்த ஏக்கம் தீர வெகுகாலம் ஆனது. சீ. முத்துசாமியின் மண்புழுக்களைப் படித்த இரவு தூங்கவில்லை. தோட்டத்துப் பேச்சு அதன் அழுக்கோடும் அழகோடும் அச்சில் ஏறியிருந்தது. 2017-இல் விஷ்ணுபுரம் விருது அவருக்கு என்றபோது கெடாவே வாங்கியதாக எண்ணிக்கொண்டேன். லுனாஸ்காரரான ம. நவீனின் பேய்ச்சியை 2020-இல் உள்துறை அமைச்சு தடை செய்தது. படிக்க வேண்டிய நாவல் என்பது என் கருத்து. சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்களைக் கோ. புண்ணியவான் கையறுவில் எழுதினார். பீடோங் என்ற சின்ன ஊர் 1940-இல் ரெ. கார்த்திகேசுவையும் 1942-இல் கே.எஸ். மணியத்தையும் பெற்றது. ஒருவர் தமிழில் நாவல் எழுதினார், மற்றவர் ஆங்கிலத்தில். இரண்டே வருஷ இடைவெளியில் ஒரு ஊருக்கு இவ்வளவு கொடுப்பினை.

இவர்களைக் கொண்டாடுகிறவர்கள் சாண்டில்யனை ஒதுக்குகிறார்கள். வெகுஜனக் குப்பை, கனவு வியாபாரம் என்று இலக்கியக் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுந்து பதில் சொல்லியதில்லை. இங்கே சொல்கிறேன். கடல் புறாவைக் கேட்டு வளராத காது மண்புழுக்களுக்குத் திறந்திருக்காது. இந்த மண்ணுக்குக் கதை உண்டு என்ற நினைப்பை முதலில் விதைத்தது அந்தத் திண்ணை வாசிப்பு. எங்கள் ஆட்கள் மெர்போக்கில் இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டியை, அந்தப் பழங்காலக் கோயிலைப் பார்க்க லாரி பிடித்துப் போனது, தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் 1930களில் அங்கே தோண்டியதைப் படித்துவிட்டு இல்லை. காஞ்சனாதேவி நடந்த இடம் என்று நம்பிப் போனார்கள். மெர்போக் இருக்கும் அதே பூஜாங் பள்ளத்தாக்கில் 2013-இல் ஒரு சண்டியை வீடமைப்புக்காக இடித்தார்கள் என்று செய்தி வந்தபோது, பேரப்பிள்ளை எடுத்த கிழவிகள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

எண்பதுகளில் ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் வந்தார்கள். அஞ்சடியில் பாக்கெட் நாவல்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். வாடகைக்கும் எடுக்கலாம். ராஜேஷ்குமாரின் முதல் பக்கத்துக்கு இன்னும் நான் அடிமை. ஆனால் அவை ஒருவர் தனியாகப் படுத்துக்கொண்டு படிக்கும் கதைகள். திண்ணை அதோடு ஓய்ந்தது. அடுத்து வீடியோ டேப் வாடகைக்கு வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களைத் தட்டிவிட்டு ஆட்களை அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். மூட்டை கட்டும்போது முதலில் வெளியே போனவை புத்தகங்கள்தான். லாரியில் ஒலிபெருக்கி வைத்து 'சூராட் காபார் லாமா', பழைய செய்தித்தாள், என்று மலாயில் கத்திக்கொண்டு வருவானே, அவனிடம் கிலோக் கணக்கில் போட்டார்கள். என் பக்கத்து வீட்டில் மட்டும் கன்னி மாடமும் யவன ராணியும் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டு போனது. நான் வேலையிலிருந்து வருவதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

இப்போது பட்டணத்தில் தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் பூஜைச் சாமான் கடையின் பின்னால்தான் தேட வேண்டியிருக்கிறது. சாம்பிராணிக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவே பத்துப் பதினைந்து இருக்கும். புதிய பதிப்புகளில் எழுத்துப் பிழை மலிந்துவிட்டது. சமீபத்தில் ஒன்றில் கடாரம் மூன்று இடத்தில் கடரம் என்றிருந்தது. நடுவில் அந்தக் கால் விழுந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பேனாவால் திருத்திவிட்டுத்தான் மேலே படித்தேன்.

மாமாவின் கட்டில் ஓர் அத்தியாயம் அச்சில் இல்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் சிக்கல் வந்ததே, அந்தச் சமயம். எங்கள் லயத்தில் நான்கு குடும்பம் ரஜூலாவில் ஏறி இந்தியாவுக்குப் போனது. வழியனுப்ப மாமா பினாங்குக்குப் போன வாரத்தில் கடையில் இதழ் தீர்ந்துவிட்டது. எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வாசித்த ஒருவரிடம் கதையைக் கேட்டு வந்து, தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் வாங்கிய செக்ரோல் (வருகைப் பதிவு) தாளில், பென்சிலால் மூன்று பக்கம் மாமாவே எழுதி அந்த இடத்தில் வைத்துத் தைத்தார். திண்ணையில் அதையும் அதே சீரான குரலில் வாசித்தார்.

வெகுநாள் கழித்து வானதிப் பதிப்பு கைக்கு வந்ததும் அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் ஒப்பிட்டுப் பார்த்தேன். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சரியாக இருந்தன. மாமாவின் தாளில் மட்டும் ஒன்று கூடுதல். காஞ்சனாதேவி தளத்தில் நின்று தூரத்தில் ஒரு நீல மலையைப் பார்க்கிறாள். மேகம் இடுப்பில் நிற்கிறது. அதோ தெரிகிறதே, அதன் காலடியில்தான் நம் வீடு என்று அருகில் நிற்பவனிடம் சொல்கிறாள். அச்சில் அந்த மலை இல்லை.