சிறுநகர் மாணவனின் கனவு: இரு நாவல்கள் குறித்துச் சில சிந்தனைகள்

மாணவன் ஒருவன் எதை இலட்சியமாகக் கொள்கிறான் என்பதை அவனது தனிப்பட்ட இயல்பின் விளைவாகக் காண்பது பொதுவழக்கு. அவன் வளர்ந்த ஊர் அவ்விலட்சியத்துக்கு ஒரு பின்னணி, பெரும்பாலும் ஒரு தடை என்ற அளவிலேயே கருதப்படுகிறது. ஆற்றலுள்ளவன் சிற்றூரின் எல்லையைக் கடந்து வெளியேறுவான் என்பது இதன்வழி வந்த வாய்பாடு. இவ்வாய்பாடு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இரு ஆங்கில நாவல்களைக் கொண்டு ஆராய விரும்புகின்றோம். ஒன்று, தோமஸ் ஹார்டி எழுதி 1895இல் நூலுருப்பெற்ற 'ஜூட் த ஒப்ஸ்கியூர்'. மற்றது, 1937இல் வெளிவந்த ஆர். கே. நாராயணின் 'த பச்சிலர் ஒவ் ஆட்ஸ்'. காலத்தாலும் களத்தாலும் இவை வேறுபட்டவை. எனினும் இவற்றின் நாயகர் இருவரும் பெருநகருக்குப் புறத்தே வளர்ந்தவர்கள். தாம் கண்டறியாத தூரத்துக் கல்விக்கூடமொன்றை நாடியவர்கள். இவ்வொற்றுமையே ஒப்பீட்டுக்கு இடந்தருகின்றது.

ஹார்டியின் ஜூட், மேரிகிறீன் என்னும் சிற்றூரிலே பாட்டி முறையான உறவினரால் வளர்க்கப்படும் அநாதைச் சிறுவன். அவனுடைய ஆசிரியர் பட்டம் பெறும் நோக்குடன் கிறைஸ்ற்மின்ஸ்ரர் நகருக்குச் செல்கிறார். ஒக்ஸ்போர்ட்டை மனத்திற்கொண்டு ஹார்டி படைத்த நகர் அது. அன்றுமுதல் தொலைவிலே அந்நகரின் ஒளி தெரிகிறதா என்று பார்ப்பதே ஜூட்டின் வேலையாகிறது. பாண் வண்டியைச் செலுத்திக்கொண்டே இலத்தீனும் கிரேக்கமும் கற்கிறான். இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. ஜூட்டின் கனவு ஊரை மீறி எழுந்ததன்று. ஊரே அதனை அவனுக்கு அளித்தது. கல்வியென்றால் அவ்வூர் அறிந்த ஒரே வடிவம் புறப்பட்டுச் சென்ற அந்த ஆசிரியர். அவர் சென்ற திசையே அவனுக்கும் திசையாயிற்று.

நாராயணின் சந்திரன் மால்குடி என்னும் கற்பனைச் சிறுநகரின் அல்பேட் மிஷன் கல்லூரி மாணவன். ஓய்வுபெற்ற நீதிபதியின் மகன். வரலாற்றை ஒரு பாடமாகப் பயிலும் அவன், வரலாற்றாசிரியர்களையே முதலிற் கொன்றொழிக்கவேண்டும் என்னும் பிரேரணையை மாணவர் மன்றத்திலே முன்மொழிவதற்கு இணங்குவதோடு நாவல் தொடங்குகிறது. படிப்புக்கும் பற்றுதலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை இதனைவிடச் சுருக்கமாகக் காட்டுதல் அரிது. பட்டம் பெற்றபின் காண்போரெல்லாம் அவனிடம் கேட்பது ஒன்றே: அடுத்து என்ன? இங்கிலாந்து சென்று மேற்படிப்பு என்பது அவ்வினாவுக்கு ஆயத்தமாக இருந்த விடை. அது அவனது வேட்கையா, ஊராருக்குச் சொல்லத்தக்க மறுமொழியா என்பதை அவனே அறியான். பின்னர் காதல் வருகிறது. சாதகப் பொருத்தமின்மையால் அது முறிகிறது. சந்திரன் துறவிக் கோலம் பூண்டு அலைகிறான். மீண்டு வந்தபின் உறவினர் ஒருவரின் செல்வாக்கினால் பத்திரிகை முகவராகி, மணமும் செய்து கொள்கிறான். இங்கிலாந்து எவராலும் மறுக்கப்படாமலே மறைந்து போகிறது.

இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போதே பிரச்சினை தெளிவாகிறது. ஜூட் கல்லூரித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதுகிறான். ஒருவரே பதிலிறுக்கிறார்: தொழிலாளியாகிய அவன் தன் தொழிலிலேயே நிற்பது நன்று என்பது அவரது அறிவுரை. கல்லூரிச் சுவர்களைச் செப்பனிடும் கல்தச்சன் அக்கல்லூரியினுள்ளே புக இயலவில்லை. அவனது தோல்விக்குப் பொருந்தா மணமே காரணம் என வாதிப்போர் உளர். மணம் அவனது படிப்பைக் குலைத்தது உண்மையே. ஆயினும் அக்கடிதம் அவனது மணத்தைப் பற்றியதன்று. அவனது வர்க்கத்தைப் பற்றியது. சந்திரனுக்கோ தந்தையின் வீடும் உறவினரின் அறிமுகமும் உண்டு. எனவே அவனது தவறுகள் நகைச்சுவையாக முடிகின்றன. இருவரது கனவையும் வகுத்தவை அவரவர் ஊர்கள். கனவு கலைந்தபின் நேர்வதைத் தீர்மானித்தது குடும்பத்தின் நிலை.

தடை செய்வார் எவருமின்றியும் ஓர் இலட்சியம் கரைந்துபோகக்கூடும் என்பதை நாராயண் காட்டியமை சிறப்பே. ஹார்டியின் அவலத்தில் இந்நுட்பத்துக்கு இடமில்லை. ஆனால் சந்திரனின் வீட்டுச் சமையற்காரரின் மகன் எதைக் கனவு காண்பான் என்ற வினா மால்குடியில் எழுவதில்லை. அந்நகர் நமக்கு இதமாகத் தோன்றுவதற்கு இம்மௌனமும் ஒரு காரணம் எனலாம்.

இவ்வாராய்ச்சி நமக்கு அந்நியமானதன்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஈழத்தின் சிறுநகர் மாணவருக்கும் பல்கலைக்கழகத்தின் வழியைத் திறந்தது. ஆயினும் மருத்துவம், பொறியியல் என்ற இரு சொற்களுக்குள் அவர்தம் இலட்சியத்தை ஊரும் உறவும் அடக்கிவிடுகின்றன. இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் எஞ்சியதைத் தீர்மானிக்கின்றன. தகைமை பெற்றும் அனுமதி பெறாதோர் ஆண்டுதோறும் பலர். இப்பக்கங்களை எழுதும் நாமும் வாயிலைக் கடந்து உள்ளே வந்தவர்களே. வெற்றி பெற்றவனின் பயணத்தை ஆற்றலின் கதையாக எழுதுவது நமக்கு எளிது. அவ்வாறு எழுதும்போது வெளியே நின்றவன் ஆற்றலற்றவன் என்ற தீர்ப்பையும் உடன் எழுதிவிடுகிறோம். கல்லூரி மறுத்த இரவிலே ஜூட் அதன் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதியது, தனக்கும் பிறரைப் போலவே அறிவுண்டு என்னும் பொருள்பட வரும் யோபு நூலின் வசனத்தையாகும். நம் புனைகதையும் திறனாய்வும் அச்சுவரின் வெளிப்புறத்தையும் வாசிக்கப் பழகவேண்டும்.